ஒடுக்கு எடுத்த பாத்திரங்கள்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, பரவாயில்ல. நீங்கதான செண்பகத்தோட தம்பி, காளிராஜு? மூக்கப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அப்படியே அக்கா மூக்கு. கல்யாணத்துல பாத்தது. அதுக்கப்புறம் நீங்க ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போயிட்டீங்க, ஒரு நல்லது கெட்டதுக்கும் வரல. இப்ப வந்திருக்கீங்க, சீர்ப் பாத்திரத்தத் திருப்பி எடுக்க. ம். என்ன செய்ய.

உங்க அப்பா காலையிலேயே போன் பண்ணிட்டாரு. "பையன வண்டியோட அனுப்புறேன், குடுத்து விட்டுருங்க"ன்னாரு. அவ்வளவுதான். சம்பந்தின்னு ஒரு வார்த்த வாயில வரல. நானும் சரின்னுட்டு எல்லாத்தையும் பரண்லருந்து இறக்கினேன். பித்தளைக்குப் புளி போட்டு விளக்கி, எவர்சில்வர சோப்பு போட்டுத் தொடச்சு, அந்தா சுவரோரமா அடுக்கி வெச்சிருக்கேன் பாருங்க. வண்டி வாசல்லயே நிக்கட்டும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உக்காருங்க. தண்ணி குடிங்க.

குடிக்க மாட்டீங்களா? சரி. இந்தா வெச்சிருக்கேன். தாகம் எடுத்தா குடிங்க.

உங்க மச்சான் மாரீஸு மில்லுக்குப் போயிருக்கான். ஒரு மணிக்குத்தான் சாப்பிட வருவான். அதுக்குள்ள ஏத்திரலாம், பயப்படாதீங்க. உங்களுக்கு என்ன பயம், நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டே சாக்குல போடுங்க தம்பி. வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. தடவிப் பாருங்க. ஒரு ஒடுக்கு, ஒரு நெளிவு இருக்கான்னு சொல்லுங்க. இருக்காது. நாளைக்கு உங்க வீட்ல யாரும், "சீனியம்மா வீட்டுக்குப் போன பாத்திரமெல்லாம் நசுங்கித் திரும்பி வந்துச்சு"ன்னு சொல்லக்கூடாது பாருங்க. அந்தப் பேச்சுக்கு நான் இடம் வைக்கல.

அந்தக் குடம் இருக்குல்ல, அதுதான் மொதல்ல நெளிஞ்சது. கல்யாணமாகி வந்த ஆடியில. ரசத்துல புளி தூக்கலா இருந்துச்சு. நானே வாயில வெச்சுப் பாத்தேன், தூக்கல்தான். மாரீஸு எந்திரிச்சான், பக்கத்துல இருந்த குடத்தத் தூக்கி எறிஞ்சுட்டு வெளிய போயிட்டான். செண்பகம் மேல எறியல தம்பி. அத மட்டும் உங்ககிட்ட நான் சொல்லியாகணும், நீங்க வேற மாதிரி கேள்விப்பட்டிருப்பீங்க. சுவத்துலதான் எறிஞ்சான். அவ நின்ன எடத்துக்கும் குடம் பட்ட எடத்துக்கும் நடுவுல ஒரு ஆளு நடந்து போகலாம். அவன் கோவக்காரன்தான், இல்லேங்கல. ஆனா கெட்டவன் இல்ல. ஒரு பீடி கிடையாது, ஒரு குடி கிடையாது. சம்பளம் வாங்குனா நேரா வீட்டுக்குத்தான் கொண்டாருவான்.

உங்க அக்கா குடத்தையே பாத்துக்கிட்டு நின்னா. நான்தான் கையப் புடிச்சு உக்கார வெச்சு, "இதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிரலாம்"னு சொன்னேன். குடத்தத்தான் சொன்னேன். சொன்ன மாதிரியே சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிட்டேன்.

எனக்கு இது பழக்கம் தம்பி. மாரீஸோட அப்பாவும் இருந்தவரைக்கும் இப்படித்தான். அவுக கைக்கு என்ன கெடைக்குதோ அது பறக்கும். அப்ப எங்க வீட்ல பூராவும் அலுமினியம். ஆரம்பத்துல பஜார்ல ஒடுக்கு எடுக்குற கடைக்குத்தான் கொண்டுபோவேன். அந்தக் கடைக்காரன் ஒரு நாளு ஆளுக இருக்கும்போது, "என்னக்கா, பாத்திரத்த வெச்சு பந்து வெளையாடுறீங்களா? மாசாமாசம் வாரீங்களே"ன்னு கேட்டுட்டான். நாலு பேரு சிரிச்சாக. எனக்கு உசுரே போயிருச்சு. அன்னிக்கு விட்டதுதான், அப்புறம் அந்தக் கடைப் பக்கமே போகல. வீட்லயே பழகிக்கிட்டேன்.

பெரிய வித்தையெல்லாம் இல்ல. ஒரு சாக்க நாலா மடிச்சுத் தரையில போடணும். பாத்திரத்த ஒருக்களிச்சு வெச்சு, உள்ள கைய விட்டு, கட்டையால தட்டணும். இரும்புச் சுத்தியல் ஆகாது, பொட்டுப் பொட்டா தடம் விழுந்துரும். நான் பழைய பூரிக்கட்டையில துணியச் சுத்தி வெச்சிருக்கேன். ஒடுக்குக்கு நடுவுல அடிக்கவே கூடாது. ஓரத்துலருந்து சுத்திச் சுத்தி வரணும், பொறுமையா. அலுமினியம் சொன்ன பேச்சு கேக்கும். இந்த எவர்சில்வர்தான் லேசுல படியாது, ஒரு பக்கம் அமுக்குனா அடுத்த பக்கம் டப்புன்னு எகிறும். அடி வளைஞ்ச சட்டின்னா கவுத்துப் போட்டு மேல பலகைய வெச்சுத் தட்டணும். இல்லாட்டி அடுப்புல ஆடிக்கிட்டே இருக்கும், எண்ணெயெல்லாம் ஒரு பக்கமா ஓடும்.

செண்பகத்துக்கும் சொன்னேன். "நீயும் பழகிக்கோம்மா, நான் எத்தன காலத்துக்கு இருப்பேன்"னு. "எனக்கு வேணாம் அத்தை"ன்னுட்டா. மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லல, மெதுவாத்தான் சொன்னா. இந்தக் காலத்துப் பொம்பளப் பிள்ளைகளுக்குப் பொறுமை கெடையாது. ஆனா பக்கத்துல உக்காந்து பாத்திரத்தப் புடிச்சுக்குவா. நான் தட்டுவேன், அவ புடிச்சுக்குவா. எதிர்வீட்டு சரசு எட்டிப் பாத்து, "என்ன சீனியம்மாக்கா, எப்பப் பாத்தாலும் டொக்கு டொக்குன்னு சத்தம்"னு கேப்பா. "கறிமசாலா இடிக்கிறோம்"னு சொல்லுவேன். செண்பகம் தலையக் குனிஞ்சுக்குவா. சிரிக்கிறான்னு நினைச்சுக்குவேன்.

நாங்க ரெண்டு பேரும் தாயும் பிள்ளையுமாத்தான் இருந்தோம் தம்பி. நீங்க அவகிட்டயே கேளுங்க.

அந்தப் பெரிய குண்டான் இருக்கே, ஆமா அதுதான், கைப்பிடி வெச்சது. அதப் பாத்து எடுங்க, கனம். அது கார்த்திகையில நெளிஞ்சது. இவ போன்ல உங்க அம்மாகூடப் பேசிக்கிட்டு இருந்தா. அவன் கூப்பிட்டது காதுல விழல. வந்தான், அடுப்புமேல இருந்த குண்டானத் தூக்குனான். நல்லவேளை, உள்ள வெறும் பச்சத்தண்ணி. இவ தலைய ஒதுக்கிட்டா. பின்னாடி அம்மிக்கல்லுல பட்டு, குண்டான் வாயே கோணிப்போச்சு. அந்த மாதிரி ஒடுக்கு நான் பாத்ததே இல்ல. ஒரு பக்கம் உள்ளாடி மடிஞ்சு, இன்னொரு பக்கம் பிதுங்கிக்கிட்டு.

நான் வழக்கம்போல சாக்க மடிச்சுப் போட்டு உக்காந்தேன். அவ வந்து என் கையிலருந்து குண்டான வாங்கிக்கிட்டா.

"அத்தை, இத மட்டும் நீங்க தொட வேணாம். இது இப்படியே இருக்கட்டும்."

"ஏம்மா? நெளிஞ்ச குண்டான வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?"

"இருக்கட்டும் அத்தை."

சரி, ஏதோ கோவத்துல சொல்லுறா, நாலு நாளு போனா தானே கொண்டாந்து குடுப்பான்னு விட்டுட்டேன். அப்புறம் நானும் மறந்துட்டேன்.

தை முடிஞ்சு, உங்க அப்பாவுக்கு அவ என்னமோ சொல்லியிருக்கா. உங்க அப்பா, சாத்தூர்லருந்து உங்க தாய்மாமா, எங்க பக்கத்துல என் கொழுந்தனாரு, எல்லாரும் ஞாயித்துக்கிழமை பேச வாராகன்னு தகவல் வந்துச்சு. பேச வாராகன்னாலும் விருந்தாளி விருந்தாளிதான? மொத நாளு வீடு பூராவும் ஒட்டடை அடிச்சேன். செண்பகம் வெளியூர்க் கோயிலுக்குப் போயிருந்தா. பரண்ல அரிசி டிரம்முக்குப் பின்னாடி ஒரு மஞ்சப்பை. இழுத்துப் பாத்தா, உள்ள இந்தக் குண்டான்.

நீங்களே சொல்லுங்க தம்பி. சம்பந்தக்காரங்க வர்ற வீட்ல, சீர்ல வந்த குண்டான் இப்படிக் கெடந்தா யாருக்கு அசிங்கம்? மருமகளுக்குத்தான அசிங்கம், "பாத்திரத்தக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல"ம்பாங்க. பாவம், மறந்துபோயி வெச்சிருக்கான்னு நினைச்சேன். சோறுகூடத் திங்காம உக்காந்தேன். மத்தியானம் பூரா ஆச்சு. விளிம்புக்குத் துணியச் சுத்திக் குறடால இழுத்து, உள்ள தட்டி, வெளிய தட்டி... என் ஆயுசுல எடுத்த ஒடுக்குலயே பெரிய ஒடுக்கு அதுதான். கடைசியில பளபளன்னு வந்துச்சு. அதே மஞ்சப்பையில போட்டு, இருந்த எடத்துலயே வெச்சுட்டேன். எடுக்கும்போது பாத்துச் சந்தோசப்படட்டும்னு.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து, இந்தா, நீங்க உக்காந்திருக்கீங்களே, இங்கதான் உக்காந்தாக. மாரீஸு தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒரு ஓரமா உக்காந்திருந்தான். பெரியவங்க முன்னாடி அவன் சத்தமாக்கூடப் பேச மாட்டான். "எப்பவாச்சும் கோவம் வரும் மாமா, யாருக்குத்தான் வராது"ன்னான். உங்க தாய்மாமாகூட, "அது சரிதான்"னாரு.

உங்க அப்பா செண்பகத்தப் பாத்து, "நீ சொல்லும்மா"ன்னாரு.

அவ எந்திரிச்சா. "சொன்னா நம்ப மாட்டீங்க, காட்டுறேன்"னுட்டு உள்ள போனா. ஸ்டூலப் போட்டு ஏறுற சத்தம் கேட்டுச்சு. மஞ்சப்பையோட வந்தா. எல்லாருக்கும் நடுவுல நின்னு, பையிலருந்து குண்டான வெளிய எடுத்தா.

எடுத்தவ அப்படியே நின்னுட்டா. திருப்பிப் பாத்தா. கவுத்துப் பாத்தா. பைக்குள்ள எட்டிப் பாத்தா, வேற ஏதும் இருக்கான்னு தேடுற மாதிரி. உங்க அப்பா கைய நீட்டி வாங்குனாரு. வாசல் பக்கம் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"நல்லாத்தானம்மா இருக்கு"ன்னாரு.

உங்க தாய்மாமா அலமாரியில இருந்த மத்த பாத்திரத்தையும் எட்டிப் பாத்துட்டு, "கடையிலருந்து எடுத்தாந்த மாதிரியே வெச்சிருக்காங்களேய்யா"ன்னாரு. பொய் சொல்லக்கூடாது தம்பி, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பூரிப்பு. இத்தன வருசத்துல என் வேலைய ஒருத்தரும் ஒரு வார்த்த சொன்னதில்ல. அவருக்கு அது என் வேலைன்னே தெரியாது, இருந்தாலும்.

செண்பகம் என்னைப் பாத்தா. அழுகையும் இல்ல, கோவமும் இல்ல. சும்மா பாத்துக்கிட்டே இருந்தா. ஏன் அப்படிப் பாத்தான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

அடுப்படிக்கு வந்து கேட்டா. "எப்ப எடுத்தீங்க அத்தை?"

"நேத்து மத்தியானம். நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப. தடம் தெரியுதா?"

"தெரியல அத்தை."

அப்புறம் எல்லாருக்கும் இலை போட்டா. அவதான் பரிமாறுனா. உங்க அப்பா சாப்பிட்டுட்டு, "அனுசரிச்சுப் போம்மா"ன்னு தலையில கைய வெச்சுட்டுப் போனாரு. கார் தெருமுக்குல திரும்பி மறையிற வரைக்கும் வாசல்லயே நின்னா. போயும் ரொம்ப நேரம் நின்னா.

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. மொகமெல்லாம் வேத்துப்போச்சு. இந்தத் தண்ணிய ஒரு வாயி குடிங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியாதா? அப்பா சொல்லலையா? நான் பாட்டுக்குத் தெரியும்னு நினைச்சுப் பேசிக்கிட்டு இருக்கேன்.

அதுக்கப்புறம் அவ பாத்திரத்தப் புடிக்க வர்றதில்ல. நான் தனியாத்தான் தட்டுவேன். பேச்சும் கொறைஞ்சுபோச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லுவா, அவ்வளவுதான்.

பங்குனியில அந்த இட்லிக் கொப்பரை. இல்ல, கொப்பரைக்கு ஒண்ணும் ஆகல, மூடிக்குத்தான். நான் பின்னாடி துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடியாந்தேன். மூடி உருண்டு வந்து என் கால்கிட்ட விழுந்து சுத்திக்கிட்டு இருந்துச்சு. குனிஞ்சு எடுத்தேன். அவன் சட்டைய மாட்டிக்கிட்டு என்னைத் தாண்டி வெளிய போயிட்டான். நிமிந்து பாத்தா, செண்பகம் கீழ உக்காந்து நெத்தியப் பொத்திக்கிட்டு இருக்கா. விரலுக்கு எடையில ரத்தம். அப்பவும் அவ என்ன கேட்டா தெரியுமா?

"மூடிக்கு ஒண்ணும் ஆகலையே அத்தை?"

"இல்லம்மா, விளிம்பு மட்டும் லேசா நெளிஞ்சிருக்கு, எடுத்துரலாம்"னு சொன்னேன்.

"எடுத்துருங்க"ன்னா.

எப்பேர்ப்பட்ட பிள்ள பாருங்க தம்பி. அந்த வலியிலயும் பாத்திரத்தப் பத்திக் கேக்குறா. இப்படி ஒரு மருமக யாருக்குக் கெடைக்கும்?

மஞ்சள் வெச்சுத் துணி கட்டி விட்டேன். கொஞ்ச நேரம் படுத்திருந்தா. அப்புறம் எந்திரிச்சு, "மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வரேன் அத்தை"ன்னா. ஒரு பை எடுக்கல, மாத்துச் சேலை எடுக்கல. அந்த நெத்திக்கட்டோட தெருவுல நடந்து போனா. நான் மூடியத் தட்டிக்கிட்டு இருந்தேன். வருவா வருவான்னு பாத்தேன். அவன் சாப்பிட வந்து, "அவ எங்க?"ன்னான். மருந்துக் கடைக்குப் போயிருக்கான்னேன்.

தையல் போட்டாங்கன்னு அப்புறமா காதுல விழுந்துச்சு. புருவத்துக்கு மேலயா தம்பி? தடம் தெரியுதா?

தெரியத்தான் செய்யுதா. ம்.

குப்பைமேனியும் மஞ்சளும் அரைச்சுப் போடச் சொல்லுங்க. நாள்பட மங்கிரும்.

நானும் போன் போட்டேன், எடுக்கல. மாரீஸக் கூட்டிட்டுப் போயி மன்னிப்பு கேக்க வைக்கலாம்னு பாத்தேன். அவன் கேக்க மாட்டான். "போனவ போகட்டும்"னுட்டான். ஆனா அவனும் சரியாச் சாப்பிடுறதில்ல தம்பி. எளைச்சுப் போயிட்டான். தட்டுல கை வைக்கிறான், எந்திரிச்சுர்றான். என்ன செஞ்சு போட்டாலும் குத்தம். உப்பு இல்லேங்கான், உப்பு போட்டா கரிக்குதுங்கான். உங்க அக்கா வெக்கிற கொழம்பு அவனுக்குப் புடிக்கும், வாய் தெறந்து ஒரு நாளும் சொல்ல மாட்டான்.

உங்க சீர்ப் பாத்திரம் எதையும் அவன் கைக்கு எட்டுற மாதிரி நான் வைக்கல. அவ போன மறுநாளே எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டேன். இப்ப பொழங்குறதெல்லாம் எங்க பழைய அலுமினியந்தான். அது நெளிஞ்சா எனக்குக் கவலையில்ல.

கையா? இதுவா? கதவுல நசுங்கிருச்சு. காத்துக்கு டப்புன்னு சாத்திருச்சு. வீக்கம் எறங்கிட்டுத்தான் இருக்கு. இல்ல, எலும்பெல்லாம் ஒண்ணும் இல்ல, விரல மடக்க முடியுதே. அதான் அந்த அண்டாவத் தூக்கிக் குடுக்க முடியல, நீங்களே எடுத்துக்கங்க.

இல்ல தம்பி, கதவுதான். என்ன அப்படிப் பாக்குறீங்க? செண்பகம் பாத்த மாதிரியே பாக்குறீங்க.

எல்லாம் ஏத்தியாச்சா? குத்துவிளக்கத் தனியா துணியில சுத்திக்கங்க, குலுங்குனா ஆணி கழண்டுரும். ஒரு மணியாகப் போகுது, நீங்க கெளம்புங்க. அவன் வந்தா ஏதாச்சும் வார்த்த தடிச்சுரும், உங்களுக்கும் எளரத்தம்.

என்ன? செண்பகம் சொல்லிவிட்டாளா? என்கிட்டயா?

திரும்பச் சொல்லுங்க தம்பி.

என்னையவா?

"அத்தை வர்றேன்னா முன்னாடி சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வா"ன்னு சொன்னாளா? அவளா சொன்னா? உங்க அப்பாவுக்குத் தெரியுமா? அவ அப்பா வீட்ல இல்லையா? தனி வீடா... தையல் யூனிட்டுக்குப் போறாளா. நீங்களும் அவகூடத்தான் இருக்கீங்களா. ஓசூர் வேலைய விட்டுட்டீங்களா அதுக்காக. சரி, சரி.

எப்படியிருக்கு பாருங்க வேடிக்கை. பாத்திரத்தோட பாத்திரமா மாமியாரையும் ஏத்திட்டு வரச் சொல்லியிருக்கா. ஊரு சிரிக்காதா தம்பி? மருமக வீட்டைவிட்டுப் போனதுமில்லாம மாமியாளும் பின்னாடியே போயிட்டாம்பாங்க. அதுவுமில்லாம, ஒரு மணிக்கு அவன் வந்தா சோறு யாரு போடுறது? அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடிக்கத் தெரியாது. எனக்கு இங்க என்ன கொறை? ஒரு கொறையும் இல்ல. அவகிட்ட சொல்லுங்க, அத்தை நல்லாயிருக்காங்க, கேட்டதா சொன்னாங்கன்னு சொல்லுங்க. கட்டாயம் சொல்லுங்க.

இல்ல தம்பி, காத்திருக்க வேணாம். நீங்க கெளம்புங்க. போயிட்டு வாங்க.

தம்பி, ஒரு நிமிசம். வண்டிய எடுத்துராதீங்க.

வீடு கீழயா, மாடியா?

இல்ல, எனக்கு முட்டிவலி. மாடின்னா ஏற முடியாது. அதான் கேட்டேன்.

கீழ வீடுதானா. வாசல்ல படி ஏதும் இருக்கா? ஒண்ணே ஒண்ணுதானா.

சும்மாதான் கேட்டேன் தம்பி. நீங்க வண்டிய எடுங்க.